பிராந்திய விமானிகளின் சம்பளமும் எதிர்காலமும்: கொழும்பில் இருந்து கணக்குப் பார்க்கும் ஒரு குடும்பத்துக்கு

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கும் கேள்வி இது. மகன் உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறான்; விமானி ஆவதைத் தவிர வேறு எதற்கும் இணங்க மாட்டேன் என்று நிற்கிறான். ரொறன்ரோவில் இருக்கும் தாய்மாமன், அமெரிக்காவில் சிறிய விமானங்களை ஓட்டும் பிராந்திய சேவைகளிலேயே தொடக்கச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 90 டொலர் என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பி வீட்டை ஈடு வைத்து மகனை இரத்மலானையில் பயிற்சிக்குச் சேர்க்கலாமா?

சகோதரி, உங்கள் அண்ணா சொன்ன தொகை பொய்யில்லை. 2022 ஜூனில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் குழுமத்துக்குச் சொந்தமான என்வோய், பீட்மன்ட் போன்ற பிராந்திய சேவைகள் முதலாண்டுத் துணை விமானிக்கு மணித்தியாலத்துக்கு 90 டொலரும், முதலாண்டுக் கப்டனுக்கு 146 டொலரும் என்று அறிவித்தன. ஆனாலும் அந்தத் தொகையை வைத்து வீட்டை ஈடு வைக்க வேண்டாம் என்பதே என் பதில். அந்தச் சம்பளம் எப்படி உருவானது, யாருக்குக் கிடைக்கும், எவ்வளவு காலம் நிற்கும் என்ற மூன்றையும் பார்த்தால் காரணம் விளங்கும். விமானப் பணியாளர்களுக்குக் கடமை அட்டவணை போடும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன், இப்போது பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்த 'மணித்தியாலம்' என்பது என்ன என்று பார்க்க வேண்டும். விமானிகளின் சம்பளத்தில் கணக்கிடப்படுவது பிளொக் நேரம். அதாவது விமானம் தரிப்பிடத்திலிருந்து நகரத் தொடங்கிய கணத்திலிருந்து மறுமுனையில் தரித்து நிற்கும் கணம் வரையான நேரம். ஒரு பிராந்திய விமானியின் சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 5 மணிக்குக் கடமைக்குச் சமுகமளிக்கிறார். வானிலையும் எரிபொருளும் பார்த்து, விமானத்தைச் சுற்றிப் பரிசோதித்து, 6 மணிக்குப் புறப்படுகிறார். 55 நிமிடப் பறப்புகள் நான்கு, அவற்றுக்கிடையில் 35 நிமிடத் தரிப்புகள் மூன்று, கடைசியில் பத்திரங்களை முடிக்க அரை மணித்தியாலம். மொத்தம் ஏறக்குறைய 7 மணித்தியாலக் கடமை. பிளொக் நேரமோ 3 மணித்தியாலம் 40 நிமிடம் மட்டும். கொழும்பிலிருந்து இலண்டனுக்குப் போகும் விமானி ஒரே பறப்பில் 11 மணித்தியாலம் வரை சேர்த்துவிடுகிறார். அவருடைய கடமை நேரம் அதைவிட ஒன்றரை மணித்தியாலம்தான் கூட. நாளுக்கு நான்கு தடவை ஏறி இறங்கும் பிராந்திய விமானிதான் அதிகம் களைக்கிறார். அவருக்குத்தான் கணக்கில் குறைவாக ஏறுகிறது. மணித்தியால வீதத்தை மட்டும் பார்த்து இரண்டு வேலைகளை ஒப்பிடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் காண்பதில்லை.

இதை ஈடுசெய்யத்தான் மாதாந்த உத்தரவாதம் என்ற ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்கப் பிராந்திய சேவைகளில் அது மாதம் 75 மணித்தியாலம் என்ற அளவில் இருக்கும். 90 டொலர் வீதம் 75 மணித்தியாலம், பன்னிரண்டு மாதம் என்றால் வருடம் 81,000 டொலர். பதினைந்து வருடங்களுக்கு முன்னர் இதே ஆசனத்தில் இருந்தவருக்கு மணித்தியாலத்துக்கு 22 டொலர் என்பது வழக்கமான வீதம். அதே கணக்கில் வருடம் 19,800 டொலர். ஒரே வேலை, ஒரே விமானம், ஒரே பொறுப்பு. சம்பளம் நான்கு மடங்கு. இந்த ஏற்றத்துக்கு விமானிகளின் திறமை கூடியது காரணமில்லை. நியூயோர்க் மாநிலத்தில் நடந்த ஒரு விபத்திலிருந்துதான் அதைத் தொடங்க வேண்டும்.

2009 பெப்ரவரி 12 இரவு, பஃபலோ நகருக்கு அருகில், கொல்கன் எயார் என்ற பிராந்திய சேவையின் கியூ400 விமானம் ஒரு வீட்டின் மீது விழுந்து 50 பேர் இறந்தார்கள். பயணச்சீட்டில் இருந்த பெயர் கொன்டினென்டல்; விமானத்தை ஓட்டியது கொல்கன். விமானத்தின் வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது கப்டன் தவறாகக் கையாண்டதே விபத்துக்குக் காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. ஆனால் அந்த விசாரணையில் வெளிவந்த மற்றொரு விடயம் மக்களை உலுக்கிவிட்டது. துணை விமானி சியாட்டில் பக்கத்தில் பெற்றோருடன் வாழ்ந்தவர். வேலைக்காக முதல்நாள் இரவு முழுவதும் சரக்கு விமானங்களில் நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பயணம் செய்து, நியூவார்க் விமான நிலையத்தின் பணியாளர் அறையில் கண்ணயர்ந்துவிட்டுக் கடமைக்குப் போனவர். நியூவார்க்கில் அறை எடுத்து வாழ அந்தச் சம்பளம் போதாது என்பது எல்லோருக்கும் விளங்கியது.

இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதன் பயனாக 2010இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் கொண்டுவந்தது. 2013 முதல் பயணிகள் சேவையில் துணை விமானியாக அமரவும் ஏ.டி.பி.எல். (விமானச் சேவை விமானிக்கான உயர்நிலை உரிமம்) தரத்திலான சான்றிதழ், பொதுவாக 1,500 பறப்பு மணித்தியாலம், தேவை என்றானது. அதற்கு முன்னர் 250 மணித்தியாலத்துடன் ஒருவரை எடுக்கச் சட்டம் அனுமதித்தது. விபத்துக்குள்ளான இரு விமானிகளுக்குமே 1,500க்கு மேல் மணித்தியாலங்கள் இருந்தன என்பதால், இந்த விதி உரிய மருந்துதானா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. எப்படியாயினும் அதன் பொருளாதார விளைவு தெளிவானது: வாசலில் நிற்கத் தகுதியுள்ளவர்களின் தொகை சட்டென்று சுருங்கியது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது பெரிய சேவைகள் ஆயிரக்கணக்கான மூத்த விமானிகளை முன்கூட்டிய ஓய்வில் அனுப்பின; அதே வருடம் கொம்பஸ், டிரான்ஸ் ஸ்டேட்ஸ், எக்ஸ்பிரஸ்ஜெட் என்ற மூன்று பிராந்திய சேவைகள் மூடப்பட்டன. 2021, 2022இல் பயணிகள் திரும்பி வந்தபோது பெரிய சேவைகள் பிராந்திய சேவைகளின் கப்டன்களை அள்ளிக்கொண்டு போயின. ஓட்ட ஆளில்லாமல் நூற்றுக்கணக்கான சிறு ஜெட் விமானங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 90 டொலர் பிறந்தது அந்த நெருக்கடியில்தான். அதில் ஒரு பகுதி 2024 ஓகஸ்ட் வரைக்குமான தற்காலிக மேலதிகமாகவே தொடங்கியது.

நெருக்கடி தளர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் 2024இல் பார்த்தோம். போயிங் விமானங்கள் கிடைப்பது தாமதமானது, பிராட் அன்ட் விட்னி இயந்திரங்களில் கோளாறு வந்தது, ஸ்பிரிட் எயார்லைன்ஸ் விமானிகளைக் கட்டாய விடுப்பில் அனுப்பி அதே வருடம் நவம்பரில் கடன் பாதுகாப்புக்கு நீதிமன்றம் போனது. பெரிய சேவைகள் ஆட்சேர்ப்பை நிறுத்தின அல்லது குறைத்தன. மேலே போக வழியில்லாததால் பிராந்திய கப்டன்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே துணை விமானிகள், அவர்களுக்கும் கீழே, பறக்கக் கற்றுக்கொடுத்தே 1,500 மணித்தியாலத்தை முடித்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருக்கும் பயிற்றுநர்கள். சம்பள அட்டவணையில் எண்கள் மாறவில்லை. அட்டவணைக்குள் நுழைவதுதான் கடினமானது.

பிராந்திய சேவைகள் பெரும்பாலும் தம்முடைய பயணச்சீட்டைத் தாமே விற்பதில்லை என்பதையும் உங்கள் மகன் அறிந்திருக்க வேண்டும். பெரிய சேவை வழித்தடத்தையும் கட்டணத்தையும் தீர்மானித்து, ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு தொகையைக் கொடுத்து, ஓட்டுகிற வேலையை மட்டும் ஒப்பந்தத்தில் விடுகிறது. அமெரிக்காவில் அந்த விமானங்களில் 76 ஆசனங்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்று பெரிய சேவைகளின் விமானிகள் சங்கங்கள் தம்முடைய உடன்படிக்கையில் எல்லை போட்டு வைத்திருக்கின்றன. குறைந்த கூலிக்கு வேறொரு கம்பனி தங்கள் வேலையைப் பறித்துவிடாமல் இருக்கவே அது. ஆகவே பிராந்திய விமானியின் சம்பளம் அவருடைய முதலாளியின் இலாபத்தை விட, மேலேயுள்ள ஒப்பந்தத்தையே சார்ந்திருக்கிறது. ஒப்பந்தம் போனால் கம்பனியும் போகும். பிரித்தானியாவின் ஃபிளைபீ இன்னொரு வகை. சொந்தப் பெயரில் சீட்டு விற்றது. அது 2020 மார்ச்சில் வீழ்ந்து, 2022இல் மீண்டும் எழுந்து, 2023 ஜனவரியில் மறுபடியும் வீழ்ந்தது. அங்கே இரண்டு தடவை வேலை இழந்தவர்களும் இருக்கிறார்கள்.

அப்படி வேலை இழப்பவருக்கு மற்றத் தொழில்களில் இல்லாத ஒரு தண்டனையும் உண்டு. ஒரு பொறியியலாளர் பத்து வருட அனுபவத்துடன் வேறு கம்பனிக்குப் போனால் அந்த அனுபவத்துக்குச் சம்பளம் கேட்கலாம். வட அமெரிக்க விமானிகளுக்கு எல்லாமே சேவை மூப்புப் பட்டியல்: சம்பளப் படி, எந்த நகரில் பணி, எந்த விமானம், தைப்பொங்கலுக்கு வீட்டில் இருக்க முடியுமா என்பது வரை அந்த எண்ணே தீர்மானிக்கிறது. பத்து வருடம் கப்டனாக இருந்தவரும் கம்பனி மாறினால் பட்டியலின் அடியில், துணை விமானியாகத் தொடங்க வேண்டும். ஆகவே எந்த வருடத்தில் வரிசையில் நுழைகிறோம் என்பது ஒருவருடைய வாழ்நாள் வருமானத்தைத் திறமையை விட அதிகமாகத் தீர்மானிக்கிறது. இது நியாயமா என்று கேட்டால், மேலாளரின் விருப்பு வெறுப்புக்கு இடம் கொடுக்காத ஒரு முறை என்று விமானிகளே அதைப் பாதுகாக்கிறார்கள். நானும் அதை மதிக்கிறேன். ஆனால் வெளியிலிருந்து கணக்குப் போடுகிறவர் அதைத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி யாருக்குக் கிடைக்கும் என்ற கேள்வி. அமெரிக்கப் பிராந்திய சேவைகள் அங்கு வேலை செய்யும் உரிமை ஏற்கனவே உள்ளவர்களைத்தான் எடுக்கின்றன. ஆள் பஞ்சம் வந்தபோது அவுஸ்திரேலியர்களை எடுத்தார்கள். அவுஸ்திரேலியக் குடிமக்களுக்கென்றே ஈ-3 என்ற தனி விசா இருந்ததால் அது முடிந்தது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அப்படி ஒரு வழி இல்லை. கனடாவிலும் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடம்தான் முதல் கேள்வி. ரொறன்ரோவில் வளர்ந்த மாமாவின் பிள்ளைகளுக்குப் பொருந்தும் கணக்கு வெள்ளவத்தைப் பிள்ளைக்குப் பொருந்தாது. இந்தியாவில் விமானிகளுக்குக் கடும் தேவை இருக்கிறது. 2025 டிசம்பரில், வாராந்த ஓய்வை 36 மணித்தியாலத்திலிருந்து 48 ஆக உயர்த்திய புதிய விதிகளுக்கு ஏற்ப ஆட்களை ஒழுங்குபடுத்த முடியாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான பறப்புகளை இரத்துச் செய்ததை எல்லோரும் பார்த்தோம். ஆனால் அங்கும் புதிய துணை விமானிகளின் ஆசனங்கள் அந்நாட்டுப் பிள்ளைகளுக்கே. சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் ஏ.டி.ஆர். என்ற இரட்டை இயந்திரச் சுழல்விசிறி விமானத்தைக் காட்டி, "அதை ஓட்ட நம்முடைய பிள்ளைகளுக்கு வாய்ப்புண்டா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இப்போதைக்கு அந்த வழித்தடத்தில் பறப்பவை இந்தியக் கம்பனிகளின் விமானங்கள், வேலையும் அங்கேயே.

அப்படியானால் இங்கு என்ன இருக்கிறது? பிராந்திய சேவை என்று அமெரிக்காவில் சொல்லும் பொருளில் இலங்கையில் ஏறக்குறைய எதுவும் இல்லை. சினமன் எயார் செஸ்னா கரவான் விமானங்களை உள்நாட்டில் ஓட்டுகிறது. ஃபிட்ஸ்எயார் ஏ.டி.ஆர். விமானங்களில் வளர்ந்து, 2022 ஒக்டோபரில் ஏ320 ஜெட் விமானம் கொண்டு சர்வதேசப் பயணிகள் சேவையைத் தொடங்கியது. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் பயிலுநர் விமானிகளைத் தொடர்ச்சியாக எடுப்பதில்லை. தொகுதி தொகுதியாக, இடையில் நீண்ட இடைவெளி விட்டு எடுக்கிறது. இரத்மலானையில் ஒவ்வொரு வருடமும் பயிற்சி முடித்து வெளிவரும் பிள்ளைகளுக்கு இந்த ஆசனங்கள் போதாது. 200 மணித்தியாலத்துடன் சி.பி.எல்., அதாவது சம்பளத்துக்கு ஓட்ட அனுமதிக்கும் வணிக விமானி உரிமம், கையில் இருக்கிறது, ஆனால் வெளிநாட்டு விளம்பரங்கள் 1,500, 2,000 மணித்தியாலம் கேட்கின்றன. இந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் உடைகின்றன. ஆகவே சம்பளம் எவ்வளவு என்ற கேள்விக்கு முன்னால், முதல் ஆசனம் எங்கே என்ற கேள்வியை வையுங்கள்.

மணித்தியாலங்களிலும் தரம் உண்டு. பறப்பு மணித்தியாலங்களைப் பதியும் லொக் புத்தகத்தைத் திறந்தால் ஒற்றை இயந்திரம், பல இயந்திரம், இரு விமானிகள் சேர்ந்து ஓட்டியது, கருவிகளை நம்பி ஓட்டியது, இரவு என்று தனித்தனி நிரல்கள் இருக்கும். ஆட்சேர்ப்பு அதிகாரி கடைசி மொத்தத்தைப் பார்ப்பதற்கு முன்னர் அந்த நிரல்களையே பார்ப்பார். கரவான் ஒற்றை இயந்திர விமானம்; அதில் சேர்த்த ஆயிரம் மணித்தியாலம் விமானியின் கையைத் திருத்தும், ஆனால் பல இயந்திர நிரலை நிரப்பாது. ஏ.டி.ஆர். ஓட்டியவருக்கு அந்த நிரல்கள் நிரம்பும். அதனால்தான் வளைகுடாவுக்கோ வேறெங்கோ போக நினைப்பவருக்கு ஏ.டி.ஆர். ஆசனம், கையில் வரும் சம்பளத்தை விடப் பெறுமதியானது. மாலைதீவையும் மறக்க வேண்டாம். உலகின் மிகப் பெரிய கடல்விமானச் சேவையான டிரான்ஸ் மல்டிவியன் அங்கேதான் இருக்கிறது. அதன் டுவின் ஒட்டர் இரட்டை இயந்திர விமானம். அங்கும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு. எனினும் முயன்று பார்க்கத் தக்க வாசல் அது.

இலங்கையில் ஏற்கனவே ஆசனம் கிடைத்தவர்களின் நிலை வேறு. சம்பளத் துண்டில் அடிப்படைச் சம்பளம், பறப்பு மணித்தியாலக் கொடுப்பனவு, வெளிநாட்டில் தங்கும் நாட்களுக்கான படி என்று பிரிந்திருக்கும். விமானம் தரையில் நின்றால் அடிப்படை மட்டும்தான் வரும். ஆகவே வேலைக் கடிதம் வந்தால் மொத்தத் தொகையைப் பார்க்காமல் அடிப்படை எவ்வளவு, எந்தக் கொடுப்பனவுகளுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டப்படுகிறது என்று கேட்க வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 அளவுக்குப் போனது. 2023 ஜனவரியில் உச்ச வருமான வரி 36 வீதமானது. 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபாய் வரை வரி இல்லை என்றாலும், வருடம் 43 இலட்சத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு ரூபாயிலும் 36 சதம் வரிக்கே போகிறது. அதே கப்டனுக்குத் துபாயில் வருமான வரியே கிடையாது. நமது அனுபவம் மிக்க விமானிகள் ஏன் போனார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர்கள் விட்டுச்சென்ற கப்டன் ஆசனங்கள் துணை விமானிகளுக்கு மேலே போகும் வழியைத் திறந்தன என்பதும் உண்மை. ஆனால் அந்த வழி ஏற்கனவே உள்ளே இருப்பவர்களுக்கானது.

இனி கடன். பல இயந்திர, கருவிப் பறப்புத் தகுதிகளுடன் சி.பி.எல். முடிக்க இன்று ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். ஏ320 போன்ற விமானத்துக்கான டைப் ரேட்டிங்கை, அதாவது அந்த வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதியை, கம்பனி கொடுத்தால் பல வருடப் பிணை எழுதி வாங்கும்; சொந்தக் காசில் என்றால் இன்னும் 20,000 டொலருக்கு மேல். உதாரணத்துக்கு 120 இலட்சத்தை 14 வீத வட்டியில் பத்து வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 186,000 ரூபாய். மகன் வேலை தேடும் காலம் முழுவதும் அதைக் கட்டப் போகிறவர் நீங்களும் உங்கள் கணவரும். அந்தக் காலம் மூன்று வருடம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மூன்று வருடம் அந்தத் தவணையை வீட்டுச் செலவைக் குறைக்காமல் கட்ட முடியும் என்றால் போகலாம். முடியாது என்றால் அந்த வீடு ஆபத்தில் இருக்கிறது.

அவனைத் தடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு முன்னால் 65 வயது வரை காலம் இருக்கிறது. 26 வயதில் முதல் ஆசனத்தில் அமர்கிறவர் பிந்திவிட்டார் என்று எந்தக் கம்பனியும் சொல்வதில்லை. முதலில் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை அங்கீகரித்த மருத்துவரிடம் முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழை எடுக்கட்டும். நிறக்குருடு போன்ற ஒரு குறை பாதிப் பணம் கட்டிய பிறகு தெரியவருவது கொடுமை. பிறகு பி.பி.எல். என்ற தனியார் விமானி உரிமம் மட்டும்; 40 மணித்தியாலம் அளவில் முடியும் அந்தப் படியில் அவனுடைய கையும் மனமும் இந்த வேலைக்கு உகந்தவையா என்பது அவனுக்கே தெரிந்துவிடும். பல்கலைக்கழக இடம் கிடைத்தால் அதை விட வேண்டாம். பட்டத்தைப் படித்துக்கொண்டே விடுமுறைகளில் மணித்தியாலம் சேர்த்த பிள்ளைகள் என் வகுப்புகளில் இருந்திருக்கிறார்கள், வேலை கிடைக்காத வருடங்களை அவர்கள்தான் தாங்கினார்கள். சி.பி.எல். முடித்த பின் பயிற்றுநர் தகுதி எடுத்தால் சம்பளம் சொற்பம்தான், ஆனால் மணித்தியாலத்துக்குக் காசு கட்டுவது நின்றுவிடும்.

பயிற்சிப் பாடசாலைக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். கடந்த மூன்று வருடங்களில் அங்கு சி.பி.எல். முடித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் இன்று எந்த ஆசனத்தில் இருக்கிறார்கள், இன்று காலை பறக்கும் நிலையில் இருந்த விமானங்கள் எத்தனை என்று கேளுங்கள். சுவரில் தொங்கும் படங்களைக் காட்டினால், அவை எந்த வருடத்தவை என்று கேளுங்கள். கட்டணம் முழுவதையும் முன்கூட்டிக் கட்டினால் கழிவு தருவதாகச் சொன்னாலும் கட்ட வேண்டாம்; ஓர் உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வரும்வரை பயிற்சி விமானம் மாதக்கணக்கில் நின்றுவிடுவதுண்டு, அந்த நேரத்தில் உங்கள் பணம் உங்களிடமே இருக்க வேண்டும். பறந்த மணித்தியாலத்துக்குப் பணம், கட்டம் முடிந்தபின் அடுத்த கட்டத்துக்குப் பணம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித்தர மறுக்கும் இடத்தில் சேர்க்க வேண்டாம்.